ஆற்றங்கரையில் மரம் நட நிறுவனம் வருகிறது: கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்கலாம்?

ஓடைக்கரை

வணக்கம். எங்கள் விவசாயிகள் குழுவில் கணக்கு எழுதுகிறவன் நான். எங்களிடம் விளைச்சலை வாங்கும் நிறுவனம் ஒன்று, எங்கள் நிலங்களை ஒட்டி ஓடும் சிற்றாற்றின் இரு கரையிலும் மரம் நட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. கன்று, குழி, கூலி எல்லாம் அவர்கள் செலவு. கூடவே பள்ளிப் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் சுற்றுச்சூழல் வகுப்பு. நாங்கள் கொடுக்க வேண்டியது கரையிலிருந்து 15 மீட்டர் அகல நிலம்.

குழுவில் இரண்டு கருத்து. வயதானவர்கள் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். கரை முழுக்க மரமாக இருந்த காலத்தை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். இளையவர்களுக்குத் தயக்கம். ஆற்றை ஒட்டிய மண்தான் இருப்பதிலேயே நல்ல மண், அதில் 15 மீட்டர் போனால் கொஞ்ச நிலம் வைத்திருப்பவர் என்ன செய்வார்?

ஒரு முறை பட்டும் இருக்கிறோம். ஏழு வருடம் முன்பு வேறொரு நிறுவனம் வந்து நட்டுவிட்டுப் போனது. முதல் கோடையிலேயே தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. நானும் என் மனைவியும் எங்கள் நிலத்துக்கு எதிரே இருந்த முப்பது கன்றுக்குக் குடத்தில் மொண்டு ஊற்றினோம். இன்றைக்கு நிற்பவை அவை மட்டும்தான்.

பத்து நாளில் கூட்டம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாற்றங்கால்

இருபது வருடமாகக் கன்று வளர்த்துக் கொடுக்கிறேன். இந்த மாதிரி வேலைகளுக்கும் கொடுத்திருக்கிறேன். முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மூன்றாம் வருடம் யார் வந்து எண்ணுவார்கள்?

ஒப்பந்தத்தில் "இத்தனை ஆயிரம் கன்று நடப்படும்" என்று இருந்தால், நட்ட அன்றைக்கே அவர்கள் வேலை முடிந்துவிடும். துருக்கியில் 2019 நவம்பர் 11-ஆம் தேதி ஒரே நாளில் 1 கோடியே 10 லட்சம் கன்று நட்டார்கள். இரண்டரை மாதம் கழித்து வனத்துறைத் தொழிற்சங்கம் போய்ப் பார்த்துவிட்டு, தாங்கள் பார்த்த இடங்களில் 90 சதவீதம் வரை பட்டுப்போனதாகச் சொன்னது. அமைச்சகம் அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. யார், எப்போது, எப்படி எண்ணுவது என்று முன்பே பேசி வைக்காவிட்டால் இந்தச் சண்டை எங்கேயும் வரும்.

கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977-இல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தைப் பாருங்கள். கன்று வளர்த்த பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தார்கள், பிழைத்து நின்ற கன்றுக்கு மட்டும். பணம் உயிரோடு இருக்கும் மரத்தின் மேல் கட்டப்பட்டிருந்தது. அதை அப்படியே உங்கள் ஒப்பந்தத்துக்குக் கொண்டுவாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. கன்று பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் சாகிறது என்று நினைக்கிறோம். ஆற்றங்கரையில் நான் பார்த்த வரையில் அதைவிடப் பெரிய எமன்கள் புல்லும் மாடும்தான். கரை மண் வளமானது, கன்றைவிட வேகமாகப் புல் ஏறி மூடிவிடும். மூன்று வருடம், வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை, கன்றைச் சுற்றிக் களை எடுத்து மூடாக்குப் போட வேண்டும். அந்தக் கூலியைக் கேளுங்கள். நடவுச் செலவைவிட அதுதான் கூட வரும், அதனால்தான் யாரும் அதைத் தாமாகச் சொல்வதில்லை.

வரப்பு

ஓடைக்கரை, நான் இளையவர்கள் பக்கம். வெளிப்படையாகவே சொல்கிறேன். ஆறு கெட்டதற்கு நாங்கள் மட்டுமா காரணம்? வாங்குகிறவர்கள் விலையைக் குறைத்துக்கொண்டே போனால், விவசாயி கரை விளிம்பு வரை உழத்தான் செய்வான். ஒரு அடி நிலத்தையும் விட முடியாத நிலைக்கு எங்களைத் தள்ளிவிட்டு, இப்போது அதே நிலத்தைச் சும்மா கொடு, உனக்குச் சுற்றுச்சூழல் பாடம் நடத்துகிறேன் என்பது எனக்குக் கோபம் வரவைக்கிறது. மரத்தின் மேல் எனக்கு விரோதம் இல்லை. 15 மீட்டரில் போகும் விளைச்சலுக்கு என்ன பதில் என்று முதலில் சொல்லட்டும்.

மழைமானி

வரப்பு கேட்பது நியாயம், அதற்கு வருகிறேன். அதற்கு முன் கரையோர மரம் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைப் பிரித்துவிடலாம். நான் நீரியல் படித்து அந்த வேலையிலேயே இருப்பவன்.

உரத்தில் இருந்து வரும் நைட்ரேட்டில் பயிர் எடுத்தது போக மிஞ்சுவது மழைநீரோடு மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடியில் மெல்ல ஆற்றுப் பக்கம் நகர்கிறது. கரையை ஒட்டிய மண் ஈரமாக, காற்றோட்டம் குறைவாக, இலைமக்கு நிறைந்து இருந்தால், அங்கே வாழும் நுண்ணுயிரிகள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டை வைத்துச் சுவாசிக்கின்றன. நைட்ரேட், நைட்ரஜன் வாயுவாக மாறிக் காற்றோடு போய்விடுகிறது. அமெரிக்காவில் ஜார்ஜியாவிலும் மேரிலாந்திலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அளந்து, 1984-இல் இதை எண்களோடு காட்டின. வயலில் இருந்து வந்த நைட்ரஜனில் பெரும்பகுதி கரையோரக் காட்டைத் தாண்டி ஆற்றுக்குப் போகவில்லை.

உரத்தில் இருக்கும் இன்னொரு சத்தான பாஸ்பரஸ் வேறு ரகம். அது பெரும்பாலும் மண்துகளில் ஒட்டிக்கொண்டு மேலே ஓடும் தண்ணீரில் வரும். அதைத் தடுப்பதற்கு மரத்தைவிட அடர்ந்த புல் நல்லது. அதனால்தான் அமெரிக்க வனத்துறை 1991-இல் மூன்று அடுக்காக ஒரு வடிவம் கொடுத்தது. ஆற்றை ஒட்டிச் சுமார் 5 மீட்டருக்கு யாரும் தொடாத மரங்கள். அடுத்த 18 மீட்டரில் முறை வைத்து வெட்டி எடுக்கக்கூடிய மரங்கள். வயல் ஓரத்தில் 6 மீட்டர் புல். இதில் உங்களுக்குப் பயன்படும் விஷயம்: தொடக்கூடாத பகுதி ஒல்லியானதுதான். நடு அடுக்கில் தடி மரமோ பழ மரமோ வளர்த்து வருமானம் எடுக்கலாம், புல்லை அறுத்து மாட்டுக்குப் போடலாம். நிறுவனம் சொல்லும் 15 மீட்டர் முழுக்கத் தொடாத காடா, இல்லை இப்படிப் பிரித்ததா என்று கேளுங்கள். இரண்டுக்கும் உங்களுக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. வயல் வடிகால் ஒரு வாய்க்காலாகவோ புதைகுழாயாகவோ கரையோர மர வரிசையைத் துளைத்துக்கொண்டு நேரே ஆற்றில் விழுந்தால், மேலே எத்தனை மரம் நின்றாலும் பயன் மிகக் குறைவு. தண்ணீர் அந்த மண்ணுக்குள் போகவே இல்லையே! வடிகாலை முதலில் பாருங்கள், பரந்து வடியும்படி மாற்றுங்கள்.

இரண்டாவது, மரம் நட்டால் ஆற்றில் தண்ணீர் பெருகும் என்று யாராவது மேடையில் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மரம் தண்ணீர் குடிக்கும். புல்வெளிகளைத் தோப்பாக மாற்றிய இடங்களின் அளவீடுகளைத் தொகுத்து 2005-இல் வந்த ஆய்வில், ஆண்டு நீரோட்டம் சராசரியாக 44 சதவீதம் குறைந்திருந்தது. தென்னாப்பிரிக்கா 1995-இல் இருந்து ஆற்றோரங்களில் பரவிய அயல் மரங்களை அரசுச் செலவில் வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது, காரணம் அவை குடிக்கும் தண்ணீர். கரையோரம் ஒல்லியாக மரம் வைப்பதால் அவ்வளவு பாதிப்பு வராது, ஆனாலும் வேகமாக வளரும் அயல் மரத்தைக் கொண்டுவந்து வரிசையாக நட்டால் கவனம் வேண்டும். கரையோர மரம் தருவது வேறு: சுத்தமான தண்ணீர், சரியாத கரை, நிழலால் குளிர்ந்த நீர், அதனால் மீன். இந்த நான்கும் போதுமான காரணம் என்று நான் மனதார நம்புகிறேன். இல்லாத ஐந்தாவதை ஏன் சேர்க்க வேண்டும்?

உள்ளிருந்து

நான் ஒரு பெரிய நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவில் வேலை செய்தவள். மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொன்னால் உதவும்.

எங்களுக்குப் பணம் வருட வருடம்தான் வரும். இந்தியாவை எடுத்துக்கொண்டால், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும். தொடர் திட்டம் என்று அறிவித்தாலும், தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுதான் கணக்கு. மரத்துக்கு அந்தக் கால அளவு போதாது. மற்ற நாடுகளில் சட்டம் வேறாக இருக்கலாம், ஆனால் ஆண்டறிக்கைக்கு எண் வேண்டும் என்ற அவசரம் எங்கும் ஒன்றுதான். நல்ல மனதோடு வேலை செய்கிறவர்கள் உள்ளே நிறையப் பேர் உண்டு. அவர்களாலும் நான்காம் வருடக் களையெடுப்புக்குப் பணம் வாங்க முடிவதில்லை. நான் அதற்காகப் பேசித் தோற்றிருக்கிறேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால் ஓடைக்கரை ஐயா, ஒரு யோசனை. அவர்கள் உங்களிடம் விளைச்சல் வாங்குகிறவர்கள் என்று சொன்னீர்கள். கூட்டத்துக்குச் சமூகப் பொறுப்புப் பிரிவு மட்டும் வந்தால் போதாது, கொள்முதல் பிரிவும் வரட்டும் என்று கேளுங்கள். நன்கொடை நின்றுவிடும். கொள்முதல் நிற்காது. கரையில் மர வரிசை வைத்துப் பராமரிக்கும் விவசாயிக்கு விலையில் கொஞ்சம் கூடுதல் என்று வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால், மரம் இருக்கும் வரை பணமும் இருக்கும்.

பிரான்சில் வித்தெல் என்ற ஊற்றுநீர் நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல சான்று. 1980-களில் ஊற்றில் நைட்ரேட் ஏறத் தொடங்கியது. மேலே இருந்த வயல்களில் மக்காச்சோளமும் உரமும் கூடியதுதான் காரணம். பிரெஞ்சு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1989-இல் இருந்து விவசாயிகளோடு உட்கார்ந்து ஆராய்ந்தது. கடைசியில் நிறுவனம் விவசாயிகளோடு 18, 30 ஆண்டு ஒப்பந்தங்கள் போட்டது. மக்காச்சோளத்தையும் ரசாயனத்தையும் விட்டதற்கு ஈட்டுத்தொகை, தொழுவத்தைப் புதுப்பிக்கப் பணம், மக்கு உரம் தூவ ஆள் கூலி. தண்ணீர் கெட்டால் அவர்கள் தொழிலே போய்விடும், அதனால் நின்றார்கள். உங்கள் ஆறு நன்றாக இருந்தால் இந்த நிறுவனத்துக்கு என்ன லாபம் என்று நேரே கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் அவர்கள் பத்து வருடம் இருப்பார்கள்.

வரப்பு

உள்ளிருந்து, நன்றி. விலையில் சேர்ப்பது என்றால் நான் பேசத் தயார். நான் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். ஆனால் சிறிய நிலக்காரருக்கும் பெரிய நிலக்காரருக்கும் ஒரே 15 மீட்டர் என்பதை இன்னும் ஏற்க மாட்டேன்.

மழைமானி

ஏற்கவும் வேண்டாம். பிரேசிலின் 2012 வனச் சட்டமே அப்படிச் செய்யவில்லை. சின்ன ஓடைக்கும் 30 மீட்டர் கரைக்காடு என்பது பொது விதி. ஆனால் 2008 ஜூலைக்கு முன்பே திருத்தி விவசாயம் செய்துவந்த நிலத்தில், மிகச் சிறிய பண்ணைக்காரர் திரும்ப வளர்க்க வேண்டியது 5 மீட்டர்தான். அடுத்த அளவுக்கு 8, அதற்கடுத்து 15 என்று ஏறும். சூழலியலாளர்கள் பலர் இது போதாது என்று எதிர்த்தார்கள். நீரியல்காரனாக எனக்கும் 5 மீட்டர் குறைவுதான். இருந்தாலும் சுமையை நில அளவுக்கு ஏற்பப் பிரிக்கும் எண்ணம் சரியானது.

அதே நாட்டில் எக்ஸ்ட்ரீமா என்ற நகராட்சி 2005-இல் சட்டம் இயற்றி, 2007 முதல் நிலக்காரர்களுக்குப் பணம் கொடுத்து வருகிறது. வேலி, கன்று, நடவு எல்லாம் நகராட்சி பார்த்துக்கொள்கிறது. அமெரிக்காவிலும் நிலத்தை ஒதுக்குபவருக்கு 10 முதல் 15 ஆண்டு வரை ஆண்டு வாடகை தரும் அரசுத் திட்டம் உண்டு. நிலத்தைச் சும்மா கேட்பதுதான் உலக வழக்கம் என்று யாரும் உங்களிடம் சொல்ல முடியாது.

கரும்பலகை

வகுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பள்ளி ஆசிரியை, இப்படி ஒரு திட்டத்தில் மூன்று வருடம் இருந்தேன்.

முதல் வருடம் நிறுவனத்தில் இருந்து படக்காட்சியோடு வந்தார்கள். துருவக் கரடி, உருகும் பனி, காட்டுத்தீ. பிள்ளைகள் அமைதியாகப் பார்த்தார்கள், சுவரொட்டி வரைந்தார்கள், பரிசு வாங்கினார்கள். பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடையின் பெயரை எத்தனை பேருக்குத் தெரியும் என்று ஒரு நாள் கேட்டேன். மூன்று கை எழுந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வருடம் படக்காட்சி வேண்டாம், ஒரு சல்லடை வலையும் வெள்ளைத் தட்டும் பூதக்கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டேன். தென்னாப்பிரிக்காவில் மினிசாஸ் என்று ஒரு முறை இருக்கிறது. ஓடையில் கல்லைப் புரட்டி, அடியில் இருக்கும் பூச்சிகளைத் தட்டில் இட்டு, எந்தக் கூட்டம் என்று படத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது. சில பூச்சிகள் சுத்தமான நீரில்தான் இருக்கும், புழு வகைகள் எதையும் தாங்கும். மதிப்பெண்ணைப் பார்த்தாலே ஓடை எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். நாங்கள் மூன்று இடத்தில் செய்தோம்: மரம் மூடிய மேல்பகுதி, வயல் ஒட்டிய நடு, மாடு இறங்கும் கீழ்ப்பகுதி. வித்தியாசத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். ஒரு சிறுமி தட்டை அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். அடுத்த வாரம் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடைக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே வந்து, மாட்டுக்குத் தனித் தொட்டி வைத்தால் இங்கே வேலி போடலாமா என்று கேட்டார். நாங்கள் யாரும் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை.

பெரியவர்களுக்கு வகுப்பு என்றால் எனக்குப் பிடித்த முன்மாதிரி பிரேசில், பராகுவே எல்லையில் இருக்கும் இதைப்பு நீர்மின் நிறுவனம். 2003-இல் "நல்ல நீரைப் பயிரிடுவோம்" என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு திட்டம் தொடங்கினார்கள், 2015-இல் ஐ.நா. நீர் விருதும் கிடைத்தது. ஒவ்வொரு சிற்றோடைப் படுகையிலும் மக்களைக் கூட்டி, முதலில் அவர்களின் குறைகளை ஒரு "புலம்பல் சுவரில்" எழுதச் சொன்னார்கள். பிறகு ஆசைகளை ஒரு "நம்பிக்கை மரத்தில்". அதற்கப்புறம்தான் வேலைத் திட்டம், கடைசியில் எல்லோரும் கையெழுத்திடும் நீர் உடன்படிக்கை. வரப்பு சொன்னாரே, கோபம் வருகிறது என்று. அந்தக் கோபத்தைக் கூட்டத்தின் முதல் பக்கத்தில் எழுத இடம் கொடுப்பதுதான் நல்ல கல்வி என்று நான் நினைக்கிறேன். விவசாயிக்கு ஆற்றைப் பற்றித் தெரியாது என்ற எண்ணத்தோடு வந்தால் எந்த வகுப்பும் உருப்படாது.

ஓடைக்கரை

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அச்சடித்து எடுத்துப்போய்க் குழுவில் வாசித்தேன். கரும்பலகை அக்கா எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள்.

கூட்டம் நேற்று முடிந்தது. கொள்முதல் அதிகாரியும் வந்திருந்தார். ஒத்துக்கொண்டவை: பணத்தில் பாதி நடவின்போது, மீதி மூன்றாம் வருடமும் ஐந்தாம் வருடமும் உயிரோடு நிற்கும் கன்றுக்கு. எண்ணும்போது எங்கள் ஆள் ஒருவர், அவர்கள் ஆள் ஒருவர், பள்ளிப் பிள்ளைகள். களையெடுப்புக் கூலி எங்கள் குழுவுக்கே. அகலம் எல்லோருக்கும் ஒன்றில்லை, சிறிய நிலத்துக்கு 6 மீட்டர், பெரிய நிலத்துக்கு 15. ஆற்றை ஒட்டிய 5 மீட்டரைத் தவிர மற்றதில் மரம் வெட்டவும் புல் அறுக்கவும் உரிமை நிலக்காரருக்கு. மாட்டுத் தொட்டி இரண்டு.

ஒத்துக்கொள்ளாதது: விலையில் கூடுதல். தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அதனால் முழுக் கரைக்கும் கையெழுத்துப் போடவில்லை. விருப்பப்பட்ட ஒன்பது பேர் நிலத்தில் மட்டும் இந்த வருடம். விலைக்குப் பதில் வந்த பிறகு மற்றவர்கள். வடிகால்களை இன்று காலை நடந்து பார்த்தோம். நான்கு இடத்தில் நேரே ஆற்றில் விழுகிறது. மழைமானி சொல்லாவிட்டால் அதை யோசித்தே இருக்க மாட்டோம்.

வரப்பு

விலைக்குப் பதில் வரும் வரை மீதியை நிறுத்தி வைத்தது சரியான முடிவு. அந்த ஒப்பந்த நகல் கிடைக்குமா? எங்கள் பக்கமும் இப்படி ஒரு பேச்சு அடிபடுகிறது. முன்பே கையில் இருந்தால் நல்லது.

ஓடைக்கரை

பெயர்களை எடுத்துவிட்டு நாளை இங்கேயே போடுகிறேன். நாற்றங்கால் ஐயா, கன்று எந்த வகை என்று எங்களையே முடிவு செய்யச் சொல்லிவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?

நாற்றங்கால்

ஆற்றில் மேலே கீழே நடந்து, இப்போது எந்த மரம் வெள்ளத்தையும் கோடையையும் தாங்கி நிற்கிறது என்று பாருங்கள். அதன் அடியில் இருந்தே விதை எடுங்கள். குளிர் நாடு என்றால் வில்லோவும் ஆல்டரும் இருக்கும், வெப்ப நாடு என்றால் நீர்மருது, நாவல், புங்கன். வில்லோவைக் கிளையாகவே வெட்டி, போத்தாக நடலாம். நீர்மருதுக் காய் கெட்டியானது, இரண்டு மூன்று நாள் ஊறவைத்துப் போடுங்கள். நாவல் விதையைக் காயவிடாதீர்கள், காய்ந்தால் முளைப்பு போய்விடும். எடுத்த சில நாளிலேயே மண்ணில் இருக்க வேண்டும். தண்ணீர் மோதும் விளிம்பில் முதல் வருடம் மரம் வேண்டாம், அங்கே வெட்டிவேர் மாதிரி ஆழமாக வேர்விடும் புல். ஒரே மரத்தில் எல்லா விதையும் எடுக்காமல் பத்துப் பதினைந்து தாய்மரத்தில் கலந்து எடுங்கள். நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் குடத்தில் ஊற்றிக் காப்பாற்றிய அந்த முப்பதில் ஏதாவது காய்க்க ஆரம்பித்திருந்தால், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மண்ணில் பிழைக்கும் என்று நிரூபித்த மரம் அது.